கேலரிக் கூரையை இடியுங்கள், மைதானத்தை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் மைதானத்தைப் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். பாழடைந்து கிடக்கும் மைதானத்தில் வணிக வளாகம் வரப்போகிறது, விளையாட்டு வீரர்களுக்கு மாற்று இடம் தரப்படும் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு படம். கேலரிக் கூரையிலிருந்து துருப்பிடித்த கம்பி தொங்குவது அதில் நன்றாகத் தெரிந்தது. படம் காலையில் எடுத்தது போலிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எடுத்திருந்தால் அந்தக் கம்பிக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஓடுவதும் விழுந்திருக்கும். பாழடைந்தது கேலரி. மைதானம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் யாருக்கு வசதி என்று எனக்கும் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. செய்தியில் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது ஒன்று. இன்னொன்று, நீரோடியில் இருந்து குளச்சல் வரைக்கும் எந்தக் கடற்கரை ஊர்ப் பெயரைப் போட்டாலும் இந்தக் கடிதம் பொருந்தும்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்கு கோகோவும் கைப்பந்தும் சொல்லிக்கொடுத்தேன், பிற்காலத்தில் கால்பந்தும். பள்ளிக்கூடத்துக்கு என்று சொந்தமாக இருந்தது ஒரு முற்றம், அதில் பாதியை வேப்பமரம் எடுத்துக்கொண்டது. ஆகவே என் பிள்ளைகள் எல்லாரும் இந்த ஊர் மைதானத்தில் ஓடி வளர்ந்தவர்கள்தான். பொட்டப்பிள்ளைகளுக்கு என்னத்துக்குப் பந்து என்று கேட்ட அதே பெரியவர்கள், மாவட்டப் போட்டியில் பிள்ளைகள் ஜெயித்து வந்த அன்று வெடி போட்டார்கள். சரி, அது வேறு கதை.

மைதானம் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் எங்கள் கிறிஸ்தவக் கோயில் மதில், ஒரு பக்கம் ரோடு, பின்னால் ஏ.வி.எம். கால்வாயில் மிஞ்சியிருக்கும் சாக்கடை. தரை முழுக்க மணல். ஓரங்களில் மட்டும் அருகம்புல். மழை எவ்வளவு பெய்தாலும் அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். கோல்போஸ்ட் இரும்பு, வருஷா வருஷம் பெயின்ட் அடித்தாலும் உப்புக் காற்று விடாது. பகலில் வலை காயப்போடுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்குள் சுருட்டிவிட வேண்டும். இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. மேற்குக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகிற ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களில் வந்து பாருங்கள், ஒரு பந்துக்குப் பின்னால் அப்பாவும் மகனும் எதிரெதிர் அணியில் ஓடுவார்கள்.

இந்தக் கரையில் மணலில் ஓடிய காலுக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். கால்பந்து ஆடி, இந்திய அணி வரைக்கும் போனார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்து என்றால் தூத்தூர் பக்கம் சின்னப் பிள்ளைகூட நாலு பெயர் சொல்லும். இவர்கள் யாரும் சென்னையில் அகாடமியில் பணம் கட்டி ஆரம்பித்தவர்கள் இல்லை. வீட்டு வாசலில் இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு வருகிறேன், அங்கேயும் நம்முடையதைப் போல ஒரு மைதானத்தின் கதை உண்டு. நாளிதழில் இடம் போதவில்லை என்று கடிதத்தில் எதையாவது வெட்ட வேண்டியிருந்தால் வேறெதையாவது வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

என் மகள் சிட்னியில் நர்ஸ். அவளுடைய பேறுகாலத்துக்குப் போயிருந்தேன். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ், பேறுகாலத்துக்குப் பறக்காத அம்மாமார் குறைவு, ஆகவே அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் குடியிருப்பது லில்லிஃபீல்டு என்ற பகுதியில். பக்கத்தில் கடல் உள்ளே புகுந்து ஒரு கழிபோல நிற்கிறது. அதைச் சுற்றி 7 கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள், பே ரன் என்று பெயர். பிள்ளையை வண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு அதில் நடப்பேன். அந்தக் கழிக்கு மேலே மேட்டில் இருக்கிறது லைக்கார்ட் ஓவல் என்ற மைதானம்.

வெளிநாட்டு ஸ்டேடியம் என்றால் டிவியில் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால், அங்கே ஒரு பக்கம் பழைய கேலரி, இன்னொரு பக்கம் வெறும் புல்மேடு. ஆட்டத்தன்று சனம் மேட்டில் போர்வை விரித்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்கோர்போர்டில் எண்பலகையை ஆள் ஏறிக் கையால் மாட்டுகிறார். ரோட்டோரத்து வீடுகளில் இருந்து ஆட்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே வருகிறார்கள். கைக்குழந்தை, தடி ஊன்றிய கிழவர், தின்பண்டம் விற்கிற பையன், எல்லாரும் உண்டு. “மாமி, இது எட்டாவது உலக அதிசயம்” என்று மருமகன் சொன்னார். அங்கே ரசிகர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்களாம். நம் ஊர் கேலரியைவிட ஒரு பங்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான் அதிசயம்.

அங்கே ஆடுவது ரக்பி லீக். பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் நிற்பவனுக்கு எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். கபடியில் ரைடரை மடக்குவதுபோல ஓடி வருகிறவனை நாலு பேர் சேர்ந்து மடக்குகிறார்கள். ஆறாவது தடவை மடக்கப்பட்டால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 4 புள்ளி. முதல் ஆட்டம் பார்த்தபோது எந்நேரமும் எவனாவது கழுத்தை ஒடித்துக்கொள்வான் என்று பயமாக இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டம் பிறந்த காரணத்தைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் வடக்கே நெசவாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் ரக்பி ஆடினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியைக் கிளப் ஈடுகட்டித் தரலாமா என்று கேட்டார்கள். கூடாது, பணம் வாங்கி ஆடுவது கௌரவம் இல்லை என்றார்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் நடத்திய தலைமைச் சங்கத்தினர். 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு ஓட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் தனியே பிரிந்துவந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். சிட்னியில் 1908-ல் லீக் போட்டி தொடங்கியபோதே பால்மெய்ன் கிளப்பும் இருந்தது. பால்மெய்ன் அந்தக் காலத்தில் கப்பல்துறைத் தொழிலாளிகள் வாழ்ந்த பகுதி. நம்மூரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து இறுதி ஆட்டத்துக்காக ஒரு தங்கலை விட்டுவிட்டு, அந்த மாதம் முழுக்கக் கடன் வாங்கிச் சாப்பிட்ட கோல்கீப்பர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கூலியை ஈடுகட்டித் தர நம்மூரில் யாரும் சங்கத்தை உடைத்துக்கொண்டு வரவில்லை.

பால்மெய்ன் டைகர்ஸ் 1934-ல் லைக்கார்ட் ஓவலுக்கு வந்தார்கள். அறுபது வருஷம் அதுதான் வீடு. 1995-ல் என்ன யோசனை தோன்றியதோ, பெயரை சிட்னி டைகர்ஸ் என்று மாற்றிக்கொண்டு, தூரத்தில் இருந்த பரமட்டா ஸ்டேடியத்துக்கு ஆடப் போனார்கள். பெரிய ஸ்டேடியம், பெரிய பெயர். இரண்டு சீசன்தான். 1997-ல் பழைய பெயரோடு பழைய மைதானத்துக்கே திரும்பி வந்தார்கள். அப்புறம் 1999-ல் வெஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்போடு இணைந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆனார்கள், 2005-ல் கோப்பையும் வாங்கினார்கள். இப்போது மூன்று மைதானத்தில் மாறி மாறி ஆடுகிறார்கள், அதில் ஒன்றுதான் லைக்கார்ட்.

அந்த மைதானமும் நம்முடையதைப் போலவே மூத்துப்போய்க் கிடந்தது. உடை மாற்றும் அறை பழசு, கழிப்பறை போதாது. சீர்செய்யாவிட்டால் இனி இங்கே ஆட முடியாது என்ற பேச்சு கிளப் பக்கத்தில் இருந்தே வந்தது. இடையில் 2022-ல், புறநகர் மைதானங்களுக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு நிறுத்திவைத்தது. வெள்ள நிவாரணத்துக்குப் பணம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். வெள்ளம் என்றால் யார் வாய் திறக்க முடியும்? ஆனால் ரக்பி லீக் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் வாய் திறந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றாவிட்டால் இறுதி ஆட்டத்தை சிட்னியில் நடத்தாமல் பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோவேன் என்றார். பல நாள் இழுபறிக்குப் பிறகு இறுதி ஆட்டம் சிட்னியிலேயே நடந்தது. லைக்கார்ட்டுக்கு அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லை.

2024-ல் ஒரு பள்ளிக்கூட ரக்பி ஆட்டம் முடிந்து, மாணவர்கள் கேலரிக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று கொண்டாடும்போது கம்பி பெயர்ந்து அப்படியே கீழே விழுந்தார்கள். அடிபட்ட வீடியோவை நாடே பார்த்தது. நம்மூராக இருந்தால் மறுநாள் என்ன நடந்திருக்கும்? ஆபத்தான கட்டடம் என்று பலகை மாட்டி, கேட்டைப் பூட்டி, ஆறு மாதம் கழித்து டெண்டர் விட்டிருப்பார்கள், கடை கட்ட. அங்கே மைதானம் உள்ளூர் கவுன்சிலுக்குச் சொந்தம். கவுன்சில் விடவில்லை. கவுன்சில் 1 கோடி டாலர், மாநில அரசு 1 கோடி, மத்திய அரசு 2 கோடி, ஆக 4 கோடி டாலரில் அதே இடத்தில் சீரமைப்பது என்று முடிவானது. ஆடுகளம் நகரவில்லை, புல்மேடும் அப்படியே. மாற்றுவது உட்காரும் இடம், கழிப்பறை, உடைமாற்றும் அறை.

பணத்தின் அளவைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். அவர்கள் ஊரில் ஒரு கதவுப்பிடி மாற்றவே நம் ஒரு மாதப் பென்ஷன் ஆகும். நான் காட்ட வந்தது மூன்று பெரிய கையும் ஒரு சின்ன மைதானத்துக்காகச் சேர்ந்த விதத்தை. நம் ஊரிலும் கை இல்லாமல் இல்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாய் என்று தமிழக அரசே அறிவித்தது. எம்.எல்.ஏ.வின் தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. எங்களுக்கு வேண்டியது அதில் ஓர் ஓரம். கேட்டால், முதலில் கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, அப்புறம்தான் விளையாட்டு என்கிறார்கள். தூண்டில் வளைவு வேண்டாம் என்று எந்தக் கடற்கரைக்காரனும் சொல்ல மாட்டான், வருஷா வருஷம் வீடு கடலுக்குள் போகிறது. ஆனால் மைதானத்துக்குப் பணம் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிற தூண்டில் வளைவு, வணிக வளாகத்துக்குப் பணம் ஒதுக்கும்போது எங்கே போகிறது?

மாற்று இடம் என்கிறார்களே, அதைப் போய்ப் பார்த்தேன். நால்வழிச்சாலைப் பணி நடக்கிற பக்கம், ஒரு குளத்துக்கரையை ஒட்டிப் பள்ளமாக இருக்கிறது. இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முட்டளவு தண்ணீர் நிற்கும் என்று அங்கே மரச்சீனி (மரவள்ளி) போட்டிருந்தவரே சொன்னார். மினிபஸ் ஒன்று காலையில், ஒன்று இருட்டிய பிறகு. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, பஸ் பிடித்து, பயிற்சி எடுத்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா? எந்தத் தாய் விடுவாள்? ஆண் பிள்ளைகள் பைக்கில் மூன்று பேராகப் போவார்கள், அதற்கும் போலீஸ் பிடிக்கும். தூரம் என்றால் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகளின் ஆட்டம்தான். இதை நான் சர்வீஸில் இருந்தபோதே பார்த்தவள்.

மைதானத்தை விட்டுக் கிளம்பிய கிளப் என்ன ஆகும் என்பதற்கும் ரக்பி லீக்கிலேயே உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்று ஒரு கிளப், ஒரு காலத்தில் பெரிய கை. கடன் தாங்காமல் 1992-ல் ஸ்டேஷன் ரோடு மைதானத்தை விற்றார்கள். அங்கே வீடுகள் வந்துவிட்டன. அன்றிலிருந்து பெரி, லீ, சேல் என்று அடுத்த ஊர் மைதானங்களில் வாடகைக்கு ஆடிக்கொண்டு திரிகிறது, பெயரில் மட்டும் ஸ்விண்டன். விகன் கிளப்பின் சென்ட்ரல் பார்க் இருந்த இடத்தில் இப்போது சூப்பர்மார்க்கெட். விகன் பணக்காரக் கிளப், பக்கத்திலேயே புது ஸ்டேடியம் கிடைத்தது, பிழைத்துக்கொண்டது. நாங்கள் விகனா ஸ்விண்டனா என்று எங்கள் கிளப்பின் வங்கிக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் நியூடவுன் ஜெட்ஸ் என்று பழைய கிளப். 1983-க்குப் பிறகு முதல்நிலை லீக்கில் அதற்கு இடம் இல்லை. செங்கல் சூளைக்கு மண் தோண்டிய குழியில் உண்டான ஹென்சன் பார்க்தான் அவர்களுடைய மைதானம். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூட்டம் எவ்வளவு என்று மைக்கில் அறிவிப்பார்கள், எப்போதும் 8,972 பேர். நாலு பேர் வந்தாலும் 8,972, மழையில் ஒருவர் வராவிட்டாலும் 8,972. சனம் கைதட்டிச் சிரிக்கும். லீக்கில் இருந்து தள்ளிவிட்ட பிறகும் மைதானம் கையில் இருந்ததால்தான் அந்தக் கிளப் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு ஆடுகிறது.

சரி, கேலரிக்கு வருவோம். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் அதில் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது என்கிறார்கள். மீன் விலையில் கோயிலுக்குப் பிடிக்கிற பங்கில் இருந்து ஊர்க்காரர்கள் கட்டியது, அப்பன் தாத்தன் மணல் சுமந்தது என்று உணர்ச்சிவசப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் கலந்திருக்கிறார்கள். உப்பு உள்ளேயே இருந்தது, வெளியே இருந்து கடற்காற்றின் உப்பும் சேர்ந்தது. கம்பி துருப்பிடித்தால் முன்பு இருந்ததைவிடப் பருமன் கூடும், அது மேலே இருக்கிற சிமென்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். மூன்றாவது தூணுக்கு நேர் மேலே விரலை வைத்துச் சுரண்டினால் கம்பி அப்பளமாக உதிர்கிறது. என்னிடம் படித்த பிள்ளையின் மகன் கட்டட எஞ்சினியர், அவனைக் கூட்டிவந்து காட்டினேன். தட்டிப் பார்த்தான், சில இடத்தில் கல் சத்தம், சில இடத்தில் பானைச் சத்தம். “டீச்சர், கூரையைப் பூசி மறைக்கிற வேலை வேண்டாம், முழுசாக எடுத்துவிடுங்கள். கீழே இருக்கிற படிக்கட்டு இருக்கைகள் தரையில்தான் உட்கார்ந்திருக்கின்றன, அதற்கு ஒன்றும் ஆகாது” என்றான்.

அப்படியானால் எடுத்துவிடலாம். கூரை போனால் வெயிலில் உட்கார வேண்டும், அவ்வளவுதானே. ஓலைப் பந்தல் போட்டுக்கொள்வோம். பெண்கள் வெயில் படாமல் ஆட்டம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, கேலரியில் எங்களுக்கு இடம் கிடைத்ததே இல்லை.

அந்தக் கேலரிக்குப் பின்னால் கழிப்பறை என்ற பெயரில் ஒரு சுவர் இருக்கிறது. ஆண்களுக்கு அது போதும் என்று நினைத்துக் கட்டினார்கள். பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு நடுவில் யாராவது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மைதானத்துக்கு எதிர்வீட்டு அம்மா இத்தனை வருஷமும் முகம் சுளிக்காமல் திறந்துவிட்டார், அவர் மகன் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போனதில் இருந்து அந்தக் கதவும் இல்லை. லைக்கார்ட் சீரமைப்பில் பெண்கள் அணிக்கும் சேர்த்துத்தான் உடைமாற்றும் அறை திட்டமிட்டிருக்கிறார்கள். வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு 2023-ல் இருந்து பெண்கள் அணி உண்டு. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இரண்டு கதவு, ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு வழி சொல்லட்டும். அதில்லாமல் போராட்டம் என்று கூப்பிட்டால் என் பழைய மாணவிகளில் பாதிப்பேர் வர மாட்டார்கள், வர வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

வணிக வளாகம் வேண்டாம் என்றதும் இப்போது இன்னொரு யோசனை கிளம்பியிருக்கிறது. மைதானத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு, செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, இரவு விளக்குப் போட்டு டர்ஃப் ஆக்குவது. மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் நிறைய வந்துவிட்டது, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இளைஞர்களுக்கு இது பிடித்திருக்கிறது, பார்க்க வெளிநாடு மாதிரி இருக்கும். நான் பார்த்த வெளிநாட்டில், ஆட்டம் இல்லாத நாட்களில் மைதானத்தைச் சுற்றியுள்ள பூங்காவில் பிள்ளைகள் காசு கொடுக்காமல்தான் உதைத்துக்கொண்டிருந்தார்கள். டர்ஃப் வேண்டுமானால் சொந்த நிலத்தில் போடட்டும், நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும். ஊர் மைதானத்தில் கேட் போட்டு டிக்கெட் கிழித்தால், பத்து பேர் சேர்ந்து பணம் போட முடிகிறவர்கள் ஆடுவார்கள். வலை காயப்போடுகிறவர் எங்கே போவார்? திருவிழாவுக்கு மேடை எங்கே? 2017-ல் ஓகி புயல் அடித்து, கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லாமல் ஊர் முழுக்க ராத்திரி பகலாகக் கூடி நின்றது இந்த மணலில்தான். அதை நான் விரித்து எழுதப் போவதில்லை, படிக்கிறவர்கள் பல பேருக்கு அது சொந்த வீட்டுக் கதை.

இதற்கெல்லாம் வேர் ஒரு காகிதத்தில் இருக்கிறது. மைதானத்தின் புல எண்ணை எடுத்து, அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டில் பார்த்தால் மைதானம் என்ற சொல்லே இல்லை. தீர்வை ஏற்படாத தரிசு என்று இருக்கிறது. தரிசு என்றால் யாருக்கு வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் ஒதுக்கலாம் என்று அதிகாரிகளுக்கு ஒரு தைரியம். பல ஊர் மைதானங்கள் இப்படித்தான் தரிசாகவும் புறம்போக்காகவும் எழுதப்பட்டுக் கிடக்கின்றன, கட்டடம் எழும்பும்போதுதான் சனத்துக்குத் தெரிகிறது. கேலரியில் கை வைப்பதற்கு முன்னால் நிலவகையை விளையாட்டு மைதானம் என்று மாற்ற வேண்டும். இதற்கான மனுவை ஒரு அலுவலகத்தில் கொடுத்தோம், ரசீது கேட்டால் நாளைக்கு வா என்றார்கள். பிறகு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து எண் வாங்கியிருக்கிறோம். அந்த எண்ணை நிருபர் கேட்டால் தருவேன்.

வளாகம் கட்டுகிறவர்களிடம் உங்கள் நிருபர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கடல் அலை வந்து தொடுகிற கோட்டில் இருந்து எங்கள் மைதானம் அதிகத் தூரம் இல்லை. ஏழைப் பரதவன் ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்கப் போனால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், 2019 அறிவிக்கை, அந்த அனுமதி, இந்த வரைபடம் என்று நடையாய் நடக்க விடுகிறார்கள். இரண்டு மாடி வளாகத்துக்கு அந்த அனுமதி கேட்டார்களா, கிடைத்ததா, கிடைத்திருந்தால் எந்தத் தேதியில்?

மே 1-ந் தேதி கிராம சபை. வணிக வளாகத்துக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் பொருள் நிரலில் இருப்பதாகச் சொல்கிறார்கள், நோட்டீஸ் இன்னும் ஒட்டவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்து வேறு தீர்மானம் கொடுக்கிறோம். நிலவகை மாற்றம், இடவப்பாதி தொடங்குவதற்கு முன்னால் கேலரிக் கூரையை அகற்றுவது, பெண்கள் கழிப்பறைக்கு இந்த ஆண்டே நிதி, குத்தகை கிடையாது, இவ்வளவுதான். பங்குத்தந்தையிடமும் பேசியிருக்கிறோம், பூசை முடிந்து அறிவிப்பில் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இடத்தில் கோயிலுக்கு உரிமை உண்டா பஞ்சாயத்துக்கு உண்டா என்ற பழைய சண்டையை இந்த ஒரு கூட்டத்துக்காவது யாரும் தோண்டாமல் இருந்தால் நல்லது.

வளைகுடாவிலும் ஆழ்கடலிலும் இருக்கிற பழைய ஆட்டக்காரர்கள் கிராம சபைக்கு வர முடியாது என்பது தெரியும். வீட்டில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பெண்களை அனுப்பிவையுங்கள், தீர்மானத்துக்கு அவர்கள் கைதான் கணக்கு. கையெழுத்துத் தாள் மைதானத்துக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் இருக்கிறது, காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். பேனா கொண்டுபோகவும், அங்கே இருந்த இரண்டையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கிள்ளியூர் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்.